இரண்டு எழுத்துகள் தொட்டுக்கொள்ளக் கூடாது

செயின்ட் லூயிஸில் வேலை பார்த்த இரண்டு குளிர்காலங்களிலும் என் சனிக்கிழமை மதியங்கள் பெரும்பாலும் ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கும் கலை அருங்காட்சியகத்தில்தான் கழிந்தன. கலை ஆர்வம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மைக் காரணம் வேறு. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, உள்ளே கதகதப்பாக இருக்கும், ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படிப் போன ஒரு நாளில்தான் அந்த உடைந்த கண்ணாடிகளைப் பார்த்தேன்.

ஆளைவிட மிக உயரமான ஓர் இரும்பு அலமாரி. தட்டுகள் நிறையப் புத்தகங்கள். ஆனால் காகிதம் இல்லை, எல்லாம் ஈயத் தகடு. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும்போலத் தெரிந்தது. ஓரங்கள் சுருண்டு மடங்கி, வெள்ளத்தில் நனைந்து காய்ந்த கணக்குப் புத்தகங்கள் மாதிரி இருந்தன. நடுநடுவே கண்ணாடித் தகடுகள் செருகியிருந்தார்கள். அவற்றில் பல உடைந்து, தரையெங்கும் சில்லு. யாரோ இடித்துத் தள்ளிவிட்டார்கள், பெருக்க இன்னும் ஆள் வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பெயர் அட்டையைப் படித்தேன். ஆன்செல்ம் கீஃபர், 1990, 'பாத்திரங்கள் உடைதல்'. அலமாரிக்கு மேலே, தலைக்கு வெகு உயரத்தில், அரைவட்டமாக ஒரு கண்ணாடி. அதில் 'ஐன் சோஃப்' என்று எழுதியிருந்தது.

எங்கள் டீமில் ஓய்வு பெறும் வயதில் ஒருவர் இருந்தார். யூதர். குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மூன்றரை மணி ஆனால் கடைசி மெயிலைக்கூடத் திறக்காமல் கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை காபி இயந்திரத்தின் பக்கத்தில் அவரிடம் இந்த அலமாரியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? அது எங்கள் வீட்டுக் கதை. ஆனால் செய்தவர் யூதர் இல்லை, ஜெர்மன்காரர். 1945இல் பிறந்தவர். அந்த வருடத்தைக் கவனியுங்கள்" என்றார்.

பிறகு கையிலிருந்த காகிதக் கோப்பையை வைத்துக்கொண்டே கதையைச் சொன்னார். ஆதியில் ஐன் சோஃப் மட்டுமே இருந்தது. முடிவில்லாதது என்று பொருள். அது எங்கும் நிறைந்திருந்ததால் வேறு எதற்கும் இடமில்லை. உலகம் வேண்டுமென்றால் முதலில் இடம் வேண்டும். ஆகவே அது தன்னைத்தானே சுருக்கிக்கொண்டு ஒதுங்கியது. அந்த ஒதுங்கலுக்குப் பெயர் ட்சிம்ட்சும். ஒதுங்கிய இடத்தில் ஒரு வெற்றிடம். அதற்குள் ஒரு கோடாக ஒளி இறங்கியது. ஒளியைப் பிடித்து வைக்கப் பாத்திரங்கள் இருந்தன. மேலே இருந்த மூன்றும் தாங்கிவிட்டன. கீழே இருந்தவை தாங்கவில்லை, உடைந்தன. சில்லுகள் விழுந்தபோது ஒளியின் பொறிகளும் அவற்றில் ஒட்டிக்கொண்டு விழுந்தன. இந்த உலகமே அந்தச் சில்லுக் குவியல்தான். பொறிகளைப் பொறுக்கி மேலே அனுப்புவதுதான் மனிதர்களின் வேலை. அதற்கு டிக்குன், சீர்செய்தல் என்று பெயர்.

"இதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள்" என்று சிரித்தார். எனக்கு அப்போது முப்பத்து நான்கு.

அவர் சொன்னது கபாலாவின் கதை. கபாலா என்றதும் நமக்கு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எபிரேய மொழியில் கபாலா என்றால் பெற்றுக்கொண்டது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்தது. யூத மறைஞான மரபுக்கு அதுதான் பெயர். அதன் முக்கிய நூலான ஸோஹர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் வெளிப்பட்டது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ரப்பியின், அதாவது யூத குருவின், பெயரில், அரமேய மொழியில். மோசஸ் டி லியோன் என்பவர் கையில்தான் அதன் பெரும்பகுதி உருவானது என்று கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் மொழிநடையை வைத்து வாதிட்டார். ஒருவர் மட்டுமல்ல, ஒரு குழுவே சேர்ந்து எழுதியிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் பாத்திரங்கள் உடைந்த கதை அதற்கும் பிந்தியது. கலிலேயா மலைமேல் இருக்கும் ஸஃபெத் ஊரில், ஐசக் லூரியா என்பவர் சொன்னது. 1534இல் ஜெருசலேமில் பிறந்து, எகிப்தில் வளர்ந்து, 1570இல் ஸஃபெத்துக்கு வந்தவர். 1572இல் கொள்ளைநோயில் இறந்துவிட்டார். வயது 38. அந்த ஊரில் இரண்டே வருடம் இருந்து, யூத மறைஞானத்தையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனார். அவர் தன் கையால் எழுதியது மிகக் கொஞ்சம். ஏன் எழுதுவதில்லை என்று சீடர்கள் கேட்டதற்கு, வாயைத் திறந்தால் கடல் கரையை உடைத்துக்கொண்டு வருவதுபோல இருக்கிறது, அதைப் புத்தகத்தில் எப்படி அடைப்பது என்றாராம். பாத்திரம் தாங்காமல் உடைந்த கதையைச் சொன்னவருக்கு வேறெப்படிப் பேச வரும்? அவருடைய சீடர் ஹயிம் விட்டல் எழுதி வைத்ததால்தான் நமக்கு இதெல்லாம் கிடைத்தது.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்களை வெளியேற்றியதன் வலிதான் இந்தக் கதையாக மாறியது என்றார் ஷோலெம். கடவுளே தன் இடத்தைவிட்டு வெளியேறுகிறார், எல்லாம் சிதறுகிறது, யாரும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஓர் இடம். படைப்பின் முதல் வேலை எதையும் செய்வது இல்லை, விலகிக்கொள்வது என்ற அந்த ஆரம்பம்.

கல்லூரியில் படித்தபோது மாலை நேரங்களில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் டிடிபி வேலை பார்த்தேன். முதலாளிக்கு ஒரே ஒரு வசைதான் தெரியும்: "எழுத்து மூச்சு விட இடம் கொடுடா." மணமகன் பெயர், படிப்பு, தாத்தா பெயர், தாய்மாமன் பெயர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் நான் திணித்து வைத்திருப்பேன். அவர் வந்து எதையும் சேர்க்க மாட்டார். ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக்குவார், இரண்டு வரிக்கு நடுவே கொஞ்சம் விடுவார். பத்திரிகை உட்கார்ந்துவிடும். அலமாரிக் கதையைக் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

சிதம்பர ரகசியம் ஞாபகத்துக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அதை இங்கே இழுக்கப்போவதில்லை. திரையை விலக்கினால் தெரியும் வெளி அங்கே கடவுள் இருக்கும் இடம். லூரியாவின் வெற்றிடமோ கடவுள் விலகிய இடம். இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

சரி, கலைக்கு வருவோம். உருவம் செய்யாதே என்று பத்துக் கட்டளைகளில் கண்டிப்பாகச் சொன்ன மரபு இது. அப்படியானால் அங்கே கலை எங்கிருந்து வந்தது? அந்தக் கட்டளை வரும் அதே விவிலிய நூலான யாத்திராகமத்தில், அதற்குச் சில அதிகாரங்கள் தள்ளி, பெசலேல் என்ற கைவினைஞன் வருகிறான். பாலைவனத்தில் வழிபாட்டுக் கூடாரத்தைச் செய்தவன். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை தெரிந்தவன். அவனைக் கடவுளின் ஆவியால் நிரப்பியதாக அங்கே எழுதியிருக்கிறது. பெசலேல் என்றால் கடவுளின் நிழலில் என்று பொருள். 1906இல் போரிஸ் ஷாட்ஸ் ஜெருசலேமில் ஓவியப் பள்ளி தொடங்கியபோது இந்தப் பெயரைத்தான் வைத்தார். ஆனால் யூதச் சட்டங்களும் கதைகளும் சேர்ந்த தால்முத் இவனைப் பற்றிச் சொல்வது தங்க வேலையோ மர வேலையோ அல்ல. வானத்தையும் பூமியையும் படைத்த எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று பெசலேலுக்குத் தெரியும் என்கிறது. தச்சனின் திறமையை எழுத்துக் கோக்கும் திறமையாகப் பார்க்கிறார்கள்.

எழுத்து என்றால் ஒலிக்குறி என்று நாம் நினைக்கிறோம். கபாலாக்காரர்களுக்கு எழுத்துதான் செங்கல். செஃபெர் யெட்சிரா என்ற பழைய சிறு நூல் அப்படியே சொல்கிறது: இரண்டு கற்கள் இரண்டு வீடு கட்டும், மூன்று கற்கள் ஆறு, நான்கு கற்கள் 24, ஐந்து 120, ஆறு 720, ஏழு 5040. கல் என்றால் எழுத்து, வீடு என்றால் அவற்றை மாற்றிக் கோத்து வரும் சொல். பள்ளிக்கூடத்தில் வரிசைமாற்றக் கணக்கில் படித்த அதே எண்கள். 22 எழுத்துகளையும் கடவுள் செதுக்கினார், எடை போட்டார், மாற்றினார், சேர்த்தார் என்று அது வரிசையாக வினைச்சொற்களை அடுக்குகிறது. அத்தனையும் பட்டறைச் சொற்கள்.

13ஆம் நூற்றாண்டில் ஆப்ரகாம் அபுலாஃபியா இதையே ஒரு தியானமாக்கினார். இரவில் தனியாக உட்கார், நிறைய விளக்கேற்று, வெள்ளை உடுத்திக்கொள், மையும் பேனாவும் எடு, எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே போ, உள்ளம் சூடாகும் வரை. அர்த்தத்தைத் தேடாதே. இதை இசையோடு ஒப்பிட்டார் அவர். தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்குக் கிடைக்கும் இனிமை, எழுத்துகள் சேரும்போது உள்ளத்துக்குக் கிடைக்கிறது என்பது அவர் கருத்து. துணிச்சலான ஆள். 1280இல் போப் மூன்றாம் நிக்கோலஸைச் சந்தித்துப் பேசுவதற்கென்றே ரோமுக்குக் கிளம்பிப் போனார். போய்ச் சேர்ந்த நேரத்தில் போப் இறந்துவிட்டார். கொஞ்ச நாள் காவலில் வைத்துவிட்டு அவரை விட்டுவிட்டார்கள்.

படங்களும் உண்டு. பத்து செஃபிரோத், அதாவது ஐன் சோஃப் தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகள், வட்டங்களாகவும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வரையப்பட்ட மரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1516இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சான ஒரு லத்தீன் மொழிபெயர்ப்பின் முகப்பில், தாடி வைத்த ஒரு யூதர் உட்கார்ந்து அந்த மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் மரச்செதுக்குப் படம் இருக்கிறது. பின்னாளில் இந்த மரங்கள் தோலில் பல மீட்டர் நீளச் சுருள்களாகவே வளர்ந்தன. உருவமில்லாதவருக்கு வரைபடம் போடுவதில் இருக்கும் ஆபத்து போட்டவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இதை அப்படியே உருவமாக எடுத்துக்கொள்ளாதே என்று மறுபடி மறுபடி எச்சரித்தார்கள்.

அந்த மரத்தின் நடுவில் இருப்பதன் பெயர் டிஃபெரெத். அழகு. அதற்கு ஒரு பக்கம் ஹெசெத், அள்ளிக் கொடுக்கும் அன்பு. மறு பக்கம் கெவுரா, இழுத்துப் பிடிக்கும் வலிமை, தண்டனையும் கண்டிப்பும். அன்பு மட்டும் இருந்தால் வெள்ளம், கண்டிப்பு மட்டும் இருந்தால் வறட்சி. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடத்துக்குத்தான் அழகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகியல் பற்றி நான் படித்ததில் இதைவிட உபயோகமானது அதிகம் இல்லை. என் பழைய முதலாளி இதை ஒரு நொடியில் ஒப்புக்கொண்டிருப்பார்.

அடுத்த வருட மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நண்பர் தங்கள் ஜெபக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். பழைய தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து ஒரு சோஃபெர் வந்திருந்தார். சோஃபெர் என்றால் எழுத்தர், வேதச் சுருள்களைக் கையால் எழுதுபவர். நீளமான மேசையில் சுருளை விரித்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைக் கையை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்.

தோராவில் 304,805 எழுத்துகள். அத்தனையும் கையால். ஓர் எழுத்து உடைந்திருந்தாலும் அதைச் சரிசெய்யும் வரை அந்தச் சுருளிலிருந்து முறைப்படி வாசிக்கக் கூடாது. வான்கோழி இறகைச் சீவிப் பேனாவாக்கியிருந்தார். மை எதில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்ன மூன்றையும் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. மாசிக்காய், வேலம் பிசின், அன்னபேதி. நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் மூன்றையும் ஒரே பொட்டலத்தில் வாங்கிவிடலாம்.

தோலின் மேல் மையில்லாமல் கீறிய கோடுகள். எழுத்துகள் கோட்டின் மேல் உட்காருவதில்லை, கோட்டிலிருந்து கீழே தொங்குகின்றன. பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சில எழுத்துகளின் தலையில் மும்மூன்று சின்ன முட்கள். மகுடங்களாம். மோசே மலைமேல் ஏறிப் போனபோது கடவுள் உட்கார்ந்து எழுத்துகளுக்கு மகுடம் கட்டிக்கொண்டிருந்ததாகவும், இதெல்லாம் எதற்கு என்று மோசே கேட்டதாகவும் தால்முத்தில் ஒரு கதை உண்டு. பல தலைமுறைக்குப் பிறகு அகிவா என்று ஒருவன் வருவான், இந்த ஒவ்வொரு முள்ளிலிருந்தும் குவியல் குவியலாகச் சட்டங்களை எடுப்பான் என்று பதில் வந்ததாம். அவனுடைய வகுப்பைப் பார்க்க ஆசைப்பட்டு மோசே பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் புரியவில்லை. வேதத்தைக் கொண்டுவந்தவருக்கே புரியாத அளவுக்கு அந்தச் சின்ன முட்களில் சரக்கு இருந்திருக்கிறது!

"விதிகளில் எது கஷ்டமானது?" என்று கேட்டேன்.

"ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் நாலு பக்கமும் வெறும் தோல் இருக்க வேண்டும். இரண்டு எழுத்து மயிரிழை தொட்டுக்கொண்டாலும் போச்சு" என்றார். வெள்ளையும் எழுத்துக்குச் சொந்தம் என்பதுதான் கணக்கு. கறுப்பு நெருப்பால் வெள்ளை நெருப்பின் மேல் எழுதப்பட்டதுதான் ஆதி தோரா என்பார்கள். மையைப் படிக்கத்தான் நமக்குத் தெரியும், வெள்ளையைப் படிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று அதற்கு விளக்கம் சொல்பவர்களும் உண்டு.

"தொட்டுவிட்டால் சுரண்டிவிடலாமே?"

"சுரண்டிப் பிரிக்கலாம். ஆனால் சுரண்டியதால் ஓர் எழுத்து உருவாகக் கூடாது. எழுத்து எழுதப்பட வேண்டும். தேவையில்லாததை நீக்கி, மிச்சம் இருப்பது எழுத்து என்று சொல்ல முடியாது." சிற்பிகளைப் பற்றி நாம் சொல்லும் வழக்கமான பாராட்டு இங்கே செல்லாது.

கடவுளின் பெயர் வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, இதை அந்தப் பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை எழுதி முடிக்கும் வரை அரசனே வந்து வணக்கம் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது. சிலர் அதற்கு முன் முழுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். அந்தப் பெயரில் தப்பு வந்தால் அழிக்கவும் முடியாது. அந்தத் தோலையே எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டும், பழையதை மரியாதையோடு புதைக்க வேண்டும். ஒரு வருடம் உழைத்து இவ்வளவையும் எழுதி முடித்தவர் எங்கேயும் கையெழுத்துப் போட முடியாது. சுருளில் வேறு ஒரு சொல்லுக்கும் இடமில்லை.

அன்றைக்கு இரவு இணையத்தில் பார்த்து அலெஃப் எழுத முயன்றேன். எபிரேயத்தின் முதல் எழுத்து. கபாலா வழியில் அதை மூன்று துண்டாகப் பிரிக்கிறார்கள்: நடுவே சாய்ந்த ஒரு வாவ், மேலே ஒரு யூத், கீழே தலைகீழாக ஒரு யூத். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. யூத் 10, வாவ் 6. ஆக 10, 6, 10 சேர்த்து 26. கடவுளின் நான்கெழுத்துப் பெயரின் மதிப்பும் 10, 5, 6, 5 என்று 26தான். ஓசையே இல்லாத ஓர் எழுத்துக்குள் உச்சரிக்கக் கூடாத பெயர் ஒளிந்திருக்கிறது. மேலே இருக்கும் யூத் மேலுலகம், கீழே இருப்பது கீழுலகம், வாவ் நடுவே இருக்கும் திரை என்றும் ஒரு வாசிப்பு உண்டு.

என் அலெஃப் அப்படியெல்லாம் வரவில்லை. கடையில் வாங்கிய பட்டை முனைப் பேனாவில் மை கொட்டி, மேல் யூத்தும் வாவும் ஒரே கறையாகி, மின்கம்பியில் காக்கா உட்கார்ந்த மாதிரி இருந்தது. முப்பது நாற்பது போட்டிருப்பேன். அப்போதுதான் கஷ்டம் புரிந்தது. பக்கத்து எழுத்தை அலெஃப் தொடக் கூடாது. ஆனால் அதற்குள் இருக்கும் யூத்கள் வாவைத் தொட்டே ஆக வேண்டும், அதுவும் ஒரு நூலளவு. தொடாவிட்டால் அது அலெஃப் இல்லை, மூன்று துண்டு. அதிகம் தொட்டால் அதுவும் அலெஃப் இல்லை, கறை. ஹெசெத்தும் கெவுராவும் என்று படித்ததை அந்த ஒரு நூலளவில் கை தேடிக்கொண்டிருந்தது.

என்னைக் கேட்டால், கபாலா பெற்ற கலைகளில் இன்றும் உயிரோடு இருப்பவை இரண்டு. ஒன்று இந்த எழுத்து. இன்னொன்று பாட்டு. லூரியாவின் காலத்து ஸஃபெத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயல்வெளிக்குப் போய், ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்பார்கள். அப்படி வரவேற்க ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதிய 'லெகா தோதி' பாட்டை இன்று உலகத்தில் யூதர்கள் இருக்கும் இடமெல்லாம் பாடுகிறார்கள். முதல் எட்டுச் சரணங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அவர் பெயர் வரும். சோஃபெருக்குக் கிடைக்காத கையெழுத்து கவிஞருக்குக் கிடைத்திருக்கிறது. அதே ஊர்க்காரர் இஸ்ரயேல் நஜாரா துருக்கி, அரபுக் காதல் பாட்டு மெட்டுகளை எடுத்துக் கடவுளுக்குப் பாட்டெழுதினார். 1587இல் அவை ஸஃபெத்திலேயே அச்சாகின. ஹயிம் விட்டலுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. குடிகாரர் என்றும் இன்னும் பலதும் எழுதி வைத்திருக்கிறார். லூரியா அந்தப் பாட்டுகளை மெச்சினார் என்று இன்னொரு மரபு சொல்கிறது. சினிமா மெட்டில் பக்திப் பாட்டுப் போடலாமா என்ற சண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஓவியத்துக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் ஷோலெமின் புத்தகங்கள் வழியாக. நியூயார்க்கில் ஓவியர் பார்னெட் நியூமன் 1948 ஜனவரியில், தன் 43ஆம் பிறந்தநாளன்று, கருஞ்சிவப்பான சின்னத் திரைச்சீலையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு டேப்பை ஒட்டி, அதன் மேல் ஆரஞ்சு கலந்த சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எட்டு மாதம் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். டேப்பைக்கூட உரிக்கவில்லை. 'ஒன்மென்ட் 1' என்று இன்று பேர்போன படம் அதுதான். வெற்றிடத்தில் இறங்கிய முதல் ஒளிக்கோடு இது என்று விமர்சகர் தாமஸ் ஹெஸ் படித்தார். எல்லாவற்றிலும் கபாலாவைத் தேடுகிறார் என்று அவரைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் 1969இல் நியூமன் மடிப்பு மடிப்பாக எதிரெதிரே இரண்டு எஃகுச் சுவர்களைச் செய்து, அவற்றுக்கு நடுவே நாம் நடந்து போகும்படி வைத்து, அதற்கு 'ஸிம் ஸும்', அதாவது ட்சிம்ட்சும், என்று தானே பெயர் வைத்தார். அப்படியானால் ஹெஸ் சொன்னது முழுக்கக் கற்பனை இல்லை.

கீஃபர் கதையைச் சொல்கிறார். அதுவும் ஒரு ஜெர்மன்காரர் தன் ஊர் செய்ததைத் தோளில் சுமந்துகொண்டு சொல்கிறார். தரையில் கிடக்கும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, 1938 நவம்பரில் ஒரே இரவில் யூதர்களின் கடைக் கண்ணாடிகளையும் ஜெபக்கூடங்களையும் உடைத்த அந்த இரவை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த இரவுக்கே கண்ணாடியின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவருக்கு ஈயத்தின் மேல் தீராத மோகம். கொலோன் கதீட்ரலின் கூரையை மாற்றியபோது பழைய ஈயத்தை விலைக்கு வாங்கினவர். இவ்வளவும் இருந்தும், அந்த அலமாரி என்னை நசுக்கியது. நியூமனின் கோடு கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது. இரண்டில் எது பெரிய கலை என்று தெரியாது. எது ட்சிம்ட்சுமுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் நியூமனைத்தான் காட்டுவேன். உடைதலைக் காட்ட உடைந்த கண்ணாடி போதும். ஒதுங்குதலைக் காட்டுவதற்குப் படம் வரைந்தவரே ஒதுங்க வேண்டியிருக்கிறது.

கபாலா ஓவியம் என்று இணையத்தில் தேடினால் வானவில் நிறத்தில் பத்து வட்டங்கள், தங்கத் தூள் தூவிய அலெஃப், சுழலும் நட்சத்திரங்கள் என்று வரிசையாக வரும். கூடவே கையில் கட்ட சிவப்புக் கயிறும் கிடைக்கும். வாங்குபவர்கள் வாங்கட்டும். எனக்கு அவற்றில் குறையாகத் தெரிவது ஒன்றே ஒன்று: ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடவில்லை.

அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மதியம் ஒரு மணி இருக்கும். சோஃபெர் திடீரென்று இறகைக் கீழே வைத்தார். ஓர் எழுத்தின் கால் தேய்ந்து குட்டையாகியிருந்தது. வாவா, யூத்தா? இரண்டுக்கும் கால் நீளம்தான் வித்தியாசம். அளந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒரு குழந்தை வேண்டும்" என்றார்.

இது சட்டத்திலேயே இருக்கிறது என்று நண்பர் என் காதில் சொன்னார். சந்தேகமான எழுத்தை, எழுத்துகள் மட்டும் தெரிந்த ஒரு குழந்தையிடம் காட்ட வேண்டும். ரொம்பக் கெட்டிக்காரக் குழந்தையாக இருக்கக் கூடாது. வாக்கியத்தை வைத்து ஊகித்துவிடும். ஒன்றும் தெரியாததாகவும் இருக்கக் கூடாது. படித்த பெரியவர்கள் இதற்கு லாயக்கில்லை. அவர்களுக்கு அங்கே எந்த எழுத்து வர வேண்டும் என்று தெரியும், அதனால் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஆறு வயது இருக்கும், ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். வாயைச் சுற்றிப் பிஸ்கட் தூள். அவனை நாற்காலிமேல் ஏற்றி நிற்கவைத்தார்கள். சோஃபெர் இரண்டு அட்டைத் துண்டுகளால் இரு பக்கத்து எழுத்துகளையும் மறைத்தார். நடுவே விரல் அகலத்துக்குத் தோலும் அந்த ஒற்றை எழுத்தும் மட்டும் தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் மேசையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இது என்ன எழுத்து?"

பையன் குனிந்து பார்த்தான். அவனுக்கு அவசரம் எதுவும் இல்லை.

"யூத்" என்றான்.

இருக்க வேண்டியது வாவ். பின்னால் யாரோ மெல்ல உச்சுக் கொட்டினார்கள். சோஃபெர் பையனுக்கு நன்றி சொல்லிவிட்டு, இறகை மையில் தொட்டு, அதிகமாக வந்ததைப் புட்டியின் விளிம்பில் தடவினார். பையன் நாற்காலியைவிட்டு இறங்காமல், அந்தக் கால் நீளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.